சிலந்தி இழை திருமலைக்கு வந்த வழி

திருகோணமலையின் ஓஸ்டன்பேர்க் மேட்டில் நின்று கொட்டியார்குடாப் பக்கம் பாருங்கள். கடலில் ஒரு கப்பல் நின்றால், அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தரையென்றால் மரம் நிற்கும், வீடு இருக்கும், மாடு மேயும். அவற்றை வைத்துக் கண் தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். கடலில் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. ஒருவர் மூன்று மைல் என்பார், பக்கத்தில் நிற்பவர் ஐந்து என்பார். பழகிய மீனவர் ஓரளவு சரியாகச் சொல்லக்கூடும், அதுவும் தனக்குத் தெரிந்த வள்ளமாக இருந்தால். தூரம் தெரியாத அந்தக் கப்பலைச் சுட்டு வீழ்த்த வேண்டுமே என்பதுதான் இந்தத் துறைமுகத்தைப் பிடித்து வைத்திருந்த ஒவ்வொரு வல்லரசுக்கும் இருந்த தலையிடி.

1,000 யாருக்கு அப்பால் நட்டிருக்கும் கடதாசி இலக்கைச் சுடப் போகிறவர், தன் ரைபிளுக்கு எந்த ஸ்கோப்பை வாங்குவது என்று மண்டையைப் போட்டு உடைப்பதும் இதே தலையிடிதான், அளவில் சிறியது. இரண்டு பேரும் நம்பியிருப்பது குழாய்க்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு மெல்லிய கோட்டை. ஸ்கோப் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று. கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல அந்தக் கோடு பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. தொலைநோக்கி பூட்டிய துவக்கு என்றதும் எங்கள் பக்கத்தில் எவருக்கும் விளையாட்டு நினைவுக்கு வராது. 2009 வரை இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சொற்கள் வேறு ஞாபகங்களைத்தான் கிளறும். இன்றும் இலங்கையில் துவக்கு என்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வாங்கி வைத்திருக்க வேண்டிய பொருள். தூர இலக்குச் சுடுதல் என்ற விளையாட்டு இங்கே பொதுமக்கள் கைக்கு எட்டியதே இல்லை. ஆனால் அந்த விளையாட்டின் அறிவு முழுவதும் நிலத்தையும் கடலையும் அளந்தவர்களிடமிருந்தும் பீரங்கிக்காரர்களிடமிருந்தும் வந்தது. அவர்களுடைய தடம் இந்தத் துறைமுகத்தைச் சுற்றி நிறையவே கிடக்கிறது.

கோட்டின் பிறப்பு இங்கிலாந்தின் யோர்க்ஷயரில், 1640ஐ ஒட்டிய ஆண்டுகளில். லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் மிடில்டன் என்ற ஊரில் வில்லியம் கஸ்கொயின் என்ற இளைஞர் இரண்டு குவிவில்லைகளை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்து கிடந்த குழாய்க்குள் ஒரு சிலந்தி இழை விட்டிருந்தது. அந்த இழை தற்செயலாகக் குவியத்தில் அமைந்திருந்தபடியால், தூரத்துப் பொருளும் இழையும் ஒரே நேரத்தில் துலக்கமாகத் தெரிந்தன. கலிலியோவின் தொலைநோக்கியில் இது நடந்திருக்காது. அதில் கண்ணுக்கு அண்மையில் இருப்பது குழிவில்லை, குழாய்க்குள் பிம்பம் எங்கும் விழுவதில்லை, ஆகவே இழை கட்ட இடமும் இல்லை. கெப்ளர் 1611இல் எழுதி வைத்த இரட்டைக் குவிவில்லை முறையில்தான் உள்ளே ஓரிடத்தில் பிம்பம் தலைகீழாக வந்து நிற்கும். அந்த இடத்தில் எதை வைத்தாலும் அது தூரத்து உலகத்தின் மேல் கீறிய கோடு போலத் தெரியும்.

கஸ்கொயின் சும்மா வியந்துவிட்டுப் போகவில்லை. இழையை வேண்டுமென்றே கட்டினார், அளவுத் திருகு வைத்து இரண்டு விளிம்புகளை நகர்த்திக் கோணம் அளக்கும் கருவியும் செய்தார். 1644 யூலை 2ஆம் திகதி மார்ஸ்டன் மூர் போரில் மன்னர் பக்கம் நின்று செத்தும் போனார். இருபது ஆண்டுகளுக்கு மேல் விஷயம் பரவலாகத் தெரியவரவில்லை. 1667இல் பிரெஞ்சுக்காரர்கள் தாங்கள்தான் இப்படியொரு கருவியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தபோது, ரிச்சர்ட் டவுன்லி என்பவர் எழுந்து, கஸ்கொயினின் பழைய கருவி எங்களிடம் இருக்கிறது என்று லண்டன் றோயல் சொசைற்றிக்குத் தெரிவித்தார்.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். டான்சிக் நகரத்து வானியலாளர் ஹெவேலியுஸ், கோணம் அளக்கும் கருவியில் வில்லை வேண்டாம், வெறும் துளையும் கண்ணும் போதும் என்று பிடிவாதமாக நின்றார். ரொபேர்ட் ஹூக் அவரை அச்சிலேயே திட்டினார். 1679இல் இளைஞரான எட்மண்ட் ஹாலி வில்லை பொருத்திய கருவியோடு டான்சிக்குக்குப் போய்க் கிழவருடன் பக்கத்தில் நின்று அளந்து பார்த்தார். கிழவரின் அளவுகள் நன்றாகவே இருந்தன. ஹூக் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மனிதக் கண்ணால் பிரித்தறிய முடிகிற மிகச்சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. ஹெவேலியுஸ் அந்த எல்லை வரை போனவர், அதற்கு மேல் போக வெறும் கண்ணால் வழி கிடையாது.

இந்த அறுபதில் ஒரு பங்கைத்தான் இன்று சுடுபவர்கள் எம்.ஓ.ஏ. என்கிறார்கள். 1,000 யார் தூரத்தில் அது 10.47 அங்குலம். ஸ்கோப்போடு படுத்துச் சுடும் எஃப்-கிளாஸ் என்ற போட்டியில், அதே தூரத்து இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் 5 அங்குலம். கண்ணின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கேதான் போட்டி தொடங்குகிறது. ஆனாலும் ஹெவேலியுஸின் கட்சி இன்னும் தோற்றுப்போகவில்லை. ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் இன்றும் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, துளைவழியேதான் குறிபார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் மன்னர் பரிசுக்குச் சுடுபவர்களும் அப்படியே 1,000 யார் வரை சுடுகிறார்கள். அங்கே நடக்கும் போட்டிகளில் ஒன்றுக்கு, கோலாப்பூர் ராஜா 1871இல் கொடுத்த கிண்ணம்தான் பரிசு. கண்ணாடி இல்லாமலே சாதிக்கலாம் என்றால், கண்ணாடி எதற்கு என்ற கேள்வியை வாங்கப் போகிறவர் ஒருமுறையாவது கேட்டுப் பார்ப்பது நல்லது.

இழை தமிழ் நிலத்துக்கு வந்தது நில அளவைக் கருவிகளோடு. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைக்காக இங்கிலாந்தில் வில்லியம் கேரி செய்த தியோடலைற்று அரைத் தொன் எடை. வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலொன்று அதைப் பிடித்து மொரிசியசுக்குக் கொண்டுபோனது. எதிரியின் கருவி என்றாலும் விஞ்ஞானக் கருவி என்பதால் பிரெஞ்சு ஆளுநர் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அதை இழுத்து நிமிர்த்தினார். அவ்வளவு பாரத்தைக் கோபுரத்தின் மேல் தூக்கிப் போனதே, பல மைலுக்கு அப்பால் நடப்பட்ட ஒரு கம்பத்தை இழையின் நடுவில் பிடிக்கத்தான். இலங்கையில் அதே வேலை நீர்கொழும்பை அடுத்த கந்தவளையிலும் மட்டக்களப்பிலும் அளந்த அடிக்கோடுகளின் மேல் எழுந்தது. இன்றும் இலங்கை வரைபடங்களின் பழைய ஆதாரப் புள்ளிக்குக் கந்தவளை என்றுதான் பெயர்.

சிலந்தி இழைக்கு வெப்பமண்டலம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் இந்த அளவையாளர்கள்தான் அனுபவித்தார்கள். ஈரம் ஏறினால் இழை தளர்ந்து தொங்கும். மார்கழி மழைக்காலத்தில் எங்கள் ஊரில் உப்பே பொங்கி வழியும்போது சிலந்தி நூல் மட்டும் விறைப்பாக நிற்குமா? வொலாஸ்டன் என்ற விஞ்ஞானி 1813இல் பிளாட்டினத்தை வெள்ளி உறைக்குள் வைத்து இழுத்து, மயிரைவிடப் பல மடங்கு மெல்லிய கம்பி செய்யும் வழியைச் சொன்னார். பின்னர் கண்ணாடியில் கீறியே விட்டார்கள். ஆனாலும் சிலந்தி வேலையை விட்டு நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில்கூட அமெரிக்காவில் கருங்கைம்பெண் சிலந்திகளை வளர்த்து, அவற்றிலிருந்து நூல் சுற்றி எடுத்துக் கருவிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

கடற்பக்கம் என்ன நடந்தது? பின்னாளில் பிரித்தானியக் கடற்படைத் தளபதியான நெல்சன் 1775இல் சீஹோர்ஸ் என்ற கப்பலில் சிறு பையனாகத் திருகோணமலைக்கு வந்தவர். அவரிடமே 1801இல், பீரங்கிக்குக் குறிகாட்டி வைக்கலாமா என்று ஒருவர் யோசனை சொன்னபோது, பார்க்கிறேன், ஆனால் நாங்கள் குண்டு தவறவே முடியாத அளவுக்குக் கிட்டப் போய்ச் சுடுவோம் என்ற பொருளில் பதில் எழுதினார். அந்தக் காலத்துக் கடற்படையின் தூரச் சுடுதல் கொள்கை அவ்வளவுதான். விதிவிலக்காக பிலிப் புரோக் என்ற கப்டன் தன் ஷானன் கப்பலின் பீரங்கிகளுக்குச் சொந்தக் காசில் குறிகாட்டிகள் பூட்டி, தளத்திலே பாகைக் கோடுகள் வெட்டி, தினமும் பழக்கினார். 1813 யூன் 1ஆம் திகதி, பொஸ்டனுக்கு வெளியே செசபீக் என்ற அமெரிக்கக் கப்பலைக் கால் மணி நேரத்துக்குள் பிடித்தார்.

ஷானனின் வகையைச் சேர்ந்த இன்னொரு கப்பல்தான் எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. அதன் வரைபடங்களைப் பம்பாய்க்குக் கொண்டுவந்த ஜாவா என்ற கப்பலை 1812இல் அமெரிக்கர்கள் அழித்துவிட, மறுபடி வரைந்து அனுப்ப வேண்டியிருந்தது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817 ஒக்டோபர் 12ஆம் திகதி நீரில் விட்டார்கள். இன்று அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது.

தோள் துவக்குக்கு இழை வந்த கதை தனி. அமெரிக்காவில் யூட்டிக்கா நகரத்து மோர்கன் ஜேம்ஸ், சாப்மன் என்ற பொறியியலாளரின் யோசனைப்படி துவக்கின் நீளத்துக்கே பித்தளைக் குழாய் செய்து மேலே பூட்டினார். சாப்மனின் நூல் 1848இல் வந்தது. நம் பக்கத்திலிருந்தும் ஒருவர் இருக்கிறார். பம்பாய்ப் படையில் இருந்த டேவிட் டேவிட்சன் என்ற ஸ்கொட்லாந்து அதிகாரி குறுகிய தொலைநோக்கியைத் துவக்கின் பக்கவாட்டில் பூட்டும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய வகைக் குழாய்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குத் தரப்பாரின் விட்வேர்த் துவக்குகளில் ஏறின. ஆறுகோண வாய் கொண்ட அந்த விட்வேர்த் துவக்கால்தான் 1860 யூலை 2ஆம் திகதி விக்டோரியா மகாராணி விம்பிள்டனில் முதல் வேட்டுச் சுட்டார். தாங்கியில் இறுக்கி வைத்த துவக்கின் கயிற்றை இழுத்ததுதான் அவர் செய்தது. 400 யாருக்கு அப்பால் குண்டு நடுவுக்கு மிக அருகே பட்டது. போர்க்களத்தில் அதையே சுட்டவர்களுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. துவக்கு பின்னுக்கு உதைக்கும்போது குழாயின் விளிம்பு கண்ணில் இடிக்கும்.

இன்று ஸ்கோப் வாங்குபவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இந்தக் கறுத்த கண்ணில் இருக்கிறது. கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட்டாலும் முழுப் படமும் தெரியும்? எட்டுப் பத்து சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். கப்பற் பீரங்கிகளிலும் இதே தொல்லை இருந்தது. குழாயைப் பீரங்கியிலேயே பூட்டினால் அது பீரங்கியோடு சேர்ந்து பின்னுக்குப் பாயும், ஆகவே சுடுபவர் வெடிக்கும் கணத்தில் முகத்தை விலக்கிவிடுவார். தொலைநோக்கி இருந்தும் இல்லாத கணக்கு. 1882இல் அலெக்சாந்திரியாவைச் சுட்ட பிரித்தானியக் கப்பல்கள் மூவாயிரம் குண்டுகளை வீசிச் செயலிழக்கச் செய்த எகிப்தியப் பீரங்கிகள் பத்து அளவுதான். அந்தக் காலத்துக் கடற்படை அதிகாரிகளில் ஒருவர் பேர்சி ஸ்கொட். பின்னர் அவர் ஸில்லா என்ற கப்பலின் கப்டனானபோது, குறிகாட்டியின் பொருத்தைத் திருத்தினார், கப்பல் ஆடும்போதெல்லாம் இழை இலக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்படி ஆட்களைப் பழக்கினார், பீரங்கிக்குள் சிறு ரைபிள் ஒன்றை வைத்து மலிவாகப் பயிற்சி கொடுத்தார். 1899 போட்டியில் 70 குண்டுக்கு 56 பட்டது, 80 சதவீதம். மற்றக் கப்பல்கள் மூன்றில் ஒன்றைப் படவைத்தாலே பெரிய விஷயமாக இருந்த காலம். அவர் புதுக் கண்ணாடி ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த கண்ணாடியோடு ஆளைப் பொருத்தினார்.

இனி ஓஸ்டன்பேர்க்குக்குத் திரும்பலாம். கப்பலின் தூரம் தெரியாது என்று தொடங்கினோம். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் வொற்கின் என்ற பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி இதற்கு ஒரு வழி செய்தார். அதைப் போல அழகான ஒரு யோசனையை நான் வேறெங்கும் படித்ததில்லை. மேட்டின் உயரம் உங்களுக்குத் தெரியும். மேட்டிலிருந்து தொலைநோக்கியைக் கீழே சாய்த்து, கப்பலின் நீர்க்கோட்டில் குறுக்கிழையை வையுங்கள். சாய்ந்த கோணத்தை வாசியுங்கள். உயரமும் கோணமும் கையில் இருந்தால் தூரம் தானாக வரும், கடலே அளவுகோல். இந்தக் கருவிதான் பிரித்தானியக் கரைப் பீரங்கிப் படையின் வழக்கமான துணை. ஓஸ்டன்பேர்க் போன்ற உயர்ந்த முனைகளில் கோட்டை கட்டியவர்களுக்கு உயரம் இரண்டு தரம் பயன்பட்டது, பார்க்கவும் அளக்கவும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 மீற்றர் உயரத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 5 கிலோமீற்றரில் நிற்கும் கப்பலுக்குச் சாய்வு 1.15 பாகை. 10 கிலோமீற்றரில் 0.57 பாகை. முதல் தூரத்தில் ஒரு எம்.ஓ.ஏ. பிழைத்தால் குண்டு 73 மீற்றர் தள்ளி விழும். இரண்டாவது தூரத்தில் அதே பிழைக்கு 290 மீற்றர். தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்கு. போதாததற்கு 10 கிலோமீற்றருக்குள் பூமியின் வளைவே கடலை ஏறத்தாழ 8 மீற்றர் கீழே இறக்கிவிடும், அதையும் கழிக்க வேண்டும்.

வற்றுப்பெருக்கும் உண்டு. கடல் ஏறினால் உங்கள் மேடு குட்டையாகிவிடுகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் கடல் 13 மீற்றருக்கும் ஏறி இறங்கும், அங்கே இந்தக் கருவியை மணிக்கொருதரம் திருத்த வேண்டும். திருகோணமலையில் ஏற்றமும் இறக்கமும் ஒரு மீற்றரைக்கூடத் தாண்டுவதில்லை. அரை மீற்றர் மாறினால் 5 கிலோமீற்றரில் 25 மீற்றர் பிழை, அவ்வளவுதான். இந்தத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ஆழத்தையும் மறைவையும் புகழ்வார்கள். கடல் மட்டம் இப்படி அசையாமல் கிடப்பதும் பீரங்கிக்காரனுக்கு ஒரு வரம் என்பதை எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வரத்தை லண்டன் பெரிதாக மதிக்கவில்லை. 1904இல் கடற்படைத் தலைமைக்கு வந்த ஜோன் பிஷர் செலவைக் குறைக்கிறேன் என்று 1905இல் திருகோணமலைத் தளத்தை மூடினார். இரு போர்களுக்கும் இடையில் மீண்டும் பீரங்கிகள் வந்தன, சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. இலங்கையின் கரைப் பீரங்கிகளை இயக்கியவர்களில் சிலோன் காரிசன் ஆர்ட்டிலரியின் உள்ளூர்ப் பையன்களும் உண்டு. குறுக்கிழை வழியே இந்தக் கடலைப் பார்த்தவை வெள்ளைக்காரக் கண்கள் மட்டும் அல்ல.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை அவர்கள் எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிகள் எந்தக் கரைப் பீரங்கியும் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு விமானங்களை அனுப்பின. அவற்றை முதலில் கண்டது ரேடார். துறைமுகத்தில் நின்ற எரிபஸ் என்ற கப்பல் 15 அங்குலப் பீரங்கிகளால் கரையைத் தொலைவிலிருந்து சுடுவதற்கென்றே முதல் உலகப் போரில் கட்டப்பட்டது. அதுவும் அடிவாங்கியது. சகாயிங் என்ற சரக்குக் கப்பல் எரிந்தது, அதன் உடலை இலங்கைக் கடற்படை 2018இல்தான் கடலுக்கடியிலிருந்து மீட்டது. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு ஓடிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கியது. மேட்டிலிருந்து கடலை அளக்கும் கருவிக்கு வானத்தில் நீர்க்கோடு ஏது? இரண்டு ஆண்டு கழித்து, 1944 யூலை 25ஆம் திகதி, இங்கிருந்து புறப்பட்ட குயின் எலிசபெத், வலியன்ட், றினௌன், பிரெஞ்சு ரிஷ்லியு ஆகியவை சுமாத்திராவின் சபாங்கைச் சுட்டன. அதற்குள் தூரம் சொல்லும் வேலையை ரேடார் பெருமளவு எடுத்துக்கொண்டிருந்தது. 1957இல் தளம் இலங்கையின் கைக்கு வந்தது.

தோள் துவக்கின் இழை அப்படி ஓய்வு பெறவில்லை. போர்க்காலத்து பிரித்தானிய நம்பர் 32 ஸ்கோப் மூன்று மடங்குதான் பெரிதாக்கும், முன்வில்லை ஒரு ரூபாய்க் குற்றி அளவு. முதலில் பிரென் துவக்குக்காக வரையப்பட்டது. அந்தக் குழாய்களையே திருத்தி 1982 போக்லாந்துப் போர் வரை பயன்படுத்தினார்கள். மூன்று மடங்கு போதுமாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இருபத்தைந்து மடங்கு போதாது என்கிறார்கள்.

பெருக்கத்தைக் கடைசியில் கேளுங்கள் என்றேன் அல்லவா, வரிசை இப்படி. 7.62 ரைபிளின் குண்டு 100 யாரில் சரிசெய்யப்பட்டிருந்தால் 1,000 யாரில் ஏறக்குறைய பத்து மீற்றர் கீழே விழுந்திருக்கும். அவ்வளவையும் ஸ்கோப்பின் மேற்குமிழைத் திருகி ஏற்ற வேண்டும், எம்.ஓ.ஏ. கணக்கில் 36க்கும் மேல். பல மலிவான குழாய்களுக்குள் அந்த அளவு திருக இடமே இருக்காது. ஆகவே முதலில் மேலேற்ற இடம் எவ்வளவு என்று பாருங்கள், தேவையானால் சாய்வான அடித்தகடும் வாங்குங்கள். அடுத்தது, குமிழ் சொல்வதைச் செய்கிறதா? பத்து மில் (மில்லும் ஒரு கோண அலகுதான்) ஏற்றிப் பத்து மில் இறக்கினால் இழை பழைய இடத்துக்கே வர வேண்டும். 0.1 மில் கிளிக் ஒன்று 1,000 மீற்றரில் 10 சென்ரிமீற்றர். கிளிக் பொய் சொன்னால் கண்ணாடி எவ்வளவு துலக்கமாக இருந்தும் பயனில்லை. மலையில் வொற்கினின் கருவி கோணத்தைப் பிழையாக வாசித்தால் என்ன நடக்கும் என்று பார்த்தோமே, அதே கதைதான்.

மூன்றாவது கஸ்கொயினுக்கு அதிர்ஷ்டத்தால் கிடைத்தது. இழையும் பிம்பமும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தலையை அசைக்கும்போது இழை இலக்கின் மேல் ஊர்ந்து திரியும். தூரத்துக்கேற்ப இதைச் சரிசெய்யப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். அது இல்லாத ஸ்கோப்பை தூர இலக்குக்கு வாங்க வேண்டாம். இழை முன் குவியத்தில் உள்ளதா பின் குவியத்தில் உள்ளதா என்பது நாலாவது. முன்னுக்கு இருந்தால் பெருக்கத்தை எப்படி மாற்றினாலும் மில் கோடுகள் உண்மையான அளவைக் காட்டும். தெரிந்த தூரத்தில் கடதாசியை மட்டும் சுடுபவருக்கு அது அவ்வளவு அவசியமில்லை. பெருக்கும்போது இழையும் சேர்ந்து தடித்து, சிறிய எக்ஸ் வட்டத்தில் அது மறைக்கும் பங்கு குறையாமலே இருக்கும் என்பதால், எஃப்-கிளாஸ்காரர் பலர் பின்னுக்கு இருப்பதையே விரும்புகிறார்கள்.

நாலும் பார்த்த பிறகு பெருக்கம். முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் தடிப்பு கிடைக்கும். 50 மில்லிமீற்றரைப் பத்து மடங்கில் பார்த்தால் 5 மில்லிமீற்றர். 56ஐ இருபத்தைந்தில் பார்த்தால் இரண்டுக்குச் சற்று மேல், கண்ணை ஊசிமுனை மாதிரிப் பிடித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் கரையின் ஈரத்துக்கு இன்னுமொரு கேள்வி சேர்க்க வேண்டும். குழாய்க்குள் நைதரசனோ ஆர்கனோ அடைத்து முத்திரையிட்டதா? அமெரிக்காவின் லூப்போல்ட் கம்பனி 1947இல் நைதரசன் அடைத்து விற்கத் தொடங்கும் வரை, மழையில் நனைந்த ஸ்கோப்பின் உள்ளே புகார் படிவது சாதாரணம். வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்து வலைபோலப் படர்ந்த பழைய கமராக்களை இங்கே யார்தான் பார்க்கவில்லை?

இவையெல்லாம் சரியாக வாங்கினாலும் காற்று மிச்சம் இருக்கிறது. பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் வேகத்தில் அடித்தால் அதே 7.62 குண்டு 1,000 யாரில் இரண்டு மீற்றருக்கு மேல் தள்ளிப் போகும். காற்றைச் சுடுபவர்கள் வாசிப்பது கானல் அலையைப் பார்த்து. ஸ்கோப்பின் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் இழுத்துவிட்டால், வெக்கை அலைகள் ஆறு போல ஓடுவது தெரியும். மேலே நேராகக் கொதித்தால் காற்று இல்லை, அல்லது நேரே வருகிறது. ஒரு பக்கம் சரிந்து ஓடினால் அந்தப் பக்கம் காற்று. ஆவணியில் கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் நிலாவெளி மணலுக்கு மேலே இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அலையும் சேர்ந்து பெரிதாகும், இலக்கு கலங்கித் தண்ணீருக்குள் கிடப்பது போலாகிவிடும். இருபத்தைந்து மடங்கு வாங்கியவர் அந்த நேரத்தில் பன்னிரண்டுக்கு இறக்கித்தான் சுடுவார்.

சூடேறிய துவக்குக் குழலிலிருந்தும் இதே அலை எழும்பி ஸ்கோப்பின் முன்னால் ஆடும். அதற்கு எஃப்-கிளாஸ்காரர் கையாளும் மருந்து, குழலின் மேல் நீளவாட்டில் இழுத்துப் பூட்டும் ஒரு துணிப்பட்டி.